ரிக்கார்டோ சிரித்தால் கார் வேகமாகப் போகுமா?

2018 மே மாதம் மொனாக்கோ பந்தயத்தை டேனியல் ரிக்கார்டோ வென்ற விதம் ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்கு மறந்திருக்காது. 78 சுற்றுப் பந்தயத்தில் 28-ஆவது சுற்றிலேயே அவருடைய ரெட்புல் காரில் எம்ஜியூ-கே செயலிழந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கி இன்ஜினுக்குத் துணையாகத் தரும் மோட்டார் அது. காரின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. மேல் இரண்டு கியர்களைத் தொடாமல், செபாஸ்டியன் வெட்டலைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு மீதிப் பந்தயத்தை ஓட்டி முடித்தார். மூன்று ஆண்டு கழித்து அதே தெருக்களுக்கு மெக்லாரன் காரில் வந்தார். தகுதிச்சுற்றில் 12, பந்தயத்திலும் 12. மூன்றாவதாக வந்த லாண்டோ நாரிஸ், அதே அணியில் அதே காரை ஓட்டியவர், ரிக்கார்டோவை ஒரு முழுச் சுற்று பின்தள்ளிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மூன்றரை ஆண்டு ரிக்கார்டோவைப் பற்றிப் பேசிய எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் கேட்டது ஒன்றைத்தான்: பழைய டேனியல் எங்கே? இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய டேனியல் என்று சொல்லும்போது பலர் மனதில் வந்தது பழைய பிரேக் இல்லை, பழைய சிரிப்பு.

என் கட்சி எளிமையானது. ரிக்கார்டோவின் சிரிப்பு அவருடைய வேகத்தின் விளைவு. அதை எல்லோரும் வேகத்தின் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அணிகளும் அப்படித்தான், ஊடகமும் அப்படித்தான், ரசிகர்களும் அப்படித்தான். கடைசியில் அவரே கொஞ்சம் நம்பியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு மனிதனின் ஓட்டத்தில் விழுந்த ஓட்டையை அவன் முகத்தில் தேடினால் அது அங்கே அகப்படாது. தேடுகிற ஒவ்வொரு மாதமும் அவன் முகத்துக்கு வேலை கூடிக்கொண்டே போகும். ரிக்கார்டோவுக்கு நடந்தது அதுதான்.

முதலில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பிறந்த இத்தாலிய வம்சாவளிப் பையன். 2009-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ சாம்பியன். 2011-இல் சில்வர்ஸ்டோனில் எச்ஆர்டி அணிக்காக ஃபார்முலா ஒன்னில் அறிமுகமானார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் உட்கார்ந்திருந்த இருக்கை அது, ரெட்புல்லின் ஏற்பாட்டில் இவருக்குப் போனது. (நரேன் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு அன்றைக்கு இந்தச் சிரிப்பு அவ்வளவாகப் பிடித்திருக்காது.) பிறகு ரெட்புல்லின் இளைய அணியான டோரோ ரோஸோவில் இரண்டு ஆண்டு. 2014-இல் ரெட்புல்லுக்கு வந்தபோது பக்கத்துக் காரில் இருந்தவர் தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியனான வெட்டல். ஆண்டு முடிவில் ரிக்கார்டோவுக்கு 238 புள்ளிகள், வெட்டலுக்கு 167. கனடா, ஹங்கேரி, பெல்ஜியம் என்று மூன்று வெற்றி. வெட்டலுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்து ரிக்கார்டோவின் கையெழுத்து, எதிராளி எதிர்பார்க்காத தூரத்திலிருந்து உள்பக்கமாக நுழைந்து, கடைசி நொடியில் பிரேக் பிடித்து, காரைத் தன் கட்டுக்குள் வைத்தபடியே முந்திப் போவது. 2017-இல் பாகூவிலும் 2018-இல் ஷாங்காயிலும் அவர் பெற்ற வெற்றிகள் அந்த ஓட்டத்துக்குச் சாட்சி. தன் ஹெல்மெட்டில் ஹனி பேட்ஜர் படத்தைப் போட்டுக்கொண்டதும் இதற்காகத்தான்: பார்க்கச் சாது, சீண்டினால் விடாது. இப்படி முந்துகிறவனுக்கு பிரேக் பெடலை மிதிக்கும் கணத்தில் கார் என்ன செய்யும் என்பதில் துளிச் சந்தேகமும் இருக்கக் கூடாது. அந்த நிச்சயம் இருந்தவரை சிரிப்புக்கு அவர் தனியாக எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நிச்சயம்தான் மெக்லாரனில் போனது. ஃபார்முலா ஒன் கார் வளைவுக்குள் போவதில் இரண்டு வழக்கம் உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே பிரேக்கையும் விடாமல் பிடித்து, வளைவின் நுழைவாயிலையே தாக்குவது ஒன்று. பெரும்பாலான பிரேக்கை நேர்கோட்டில் முடித்துவிட்டு, வளைவுக்குள் வேகத்தை உருளவிட்டு வெளியே வருவது மற்றொன்று. மெக்லாரனின் அன்றைய கார் முதல் வழக்கத்தைக் கேட்டது. நாரிஸ் அந்தக் காரிலேயே வளர்ந்தவர். ரிக்கார்டோ இரண்டாவது வகை. அணியின் பொறியாளர்களே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். ரிக்கார்டோவும் மறைக்கவில்லை: இந்தக் காரை ஓட்டும்போது தான் யோசித்து யோசித்து ஓட்ட வேண்டியிருக்கிறது, இயல்பாக வரவில்லை என்று அந்த ஆண்டு முழுக்கப் பல பேட்டிகளில் சொன்னார். முப்பது வயது வரை வலது கையால் கோலம் போட்டவரை இடது கையால் போடச் சொன்னால், கோலம் வரும், கோடு நடுங்கும். ஃபார்முலா ஒன்னில் அந்த நடுக்கம் சுற்றுக்கு ஒரு நொடியில் பத்தில் மூன்று நான்கு பங்கு. அவ்வளவு போதும், முதல் ஐந்தில் இருக்க வேண்டிய கார் பன்னிரண்டில் நிற்க.

சூழலும் சாதகமாக இல்லை. 2021 சீசனுக்கு முன் பஹ்ரைனில் நடந்த சோதனை ஓட்டம் மொத்தமே மூன்று நாள். அணிக்கு ஒரு கார் என்பதால் ஓட்டுநருக்கு ஒன்றரை நாள். கொரோனா காலத்தில் செலவைக் குறைக்க முந்தைய ஆண்டு காரையே பெரும்பாலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. மாற்றங்களுக்கு அணிக்கு இரண்டு டோக்கன்தான். ரெனோ இன்ஜினை விட்டு மெர்சிடஸுக்கு மாறிய மெக்லாரன், அந்த இன்ஜினைப் பொருத்துவதற்கே டோக்கனைச் செலவழித்துவிட்டது. அதாவது ரிக்கார்டோவுக்கு ஏற்ற மாதிரி காரை மாற்ற அணிக்கே கை கட்டப்பட்டிருந்தது. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியா எல்லையை மூடி வைத்திருந்ததால் வீட்டுக்குப் போக முடியாமல், பெற்றோரைப் பார்க்காமல் நீண்ட காலம் இருந்தார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அதே 2021-இல் கார்லோஸ் சைன்ஸும் புது அணிக்குப் போனார். அதே குறைவான சோதனை நாட்கள். ஆனால் ஃபெராரியில் முதல் ஆண்டிலேயே சார்ல்ஸ் லெக்லேரைவிடக் கூடுதல் புள்ளிகள் எடுத்தார். அப்படியானால் ரிக்கார்டோவிடம்தானே குறை? ஆமாம், குறை அவரிடமும் இருந்தது. எந்தக் காரையும் தனக்குப் பழக்கிக்கொள்ளும் திறன் எல்லா ஓட்டுநருக்கும் ஒரே அளவில் இருக்காது. ரிக்கார்டோவுக்கு அது குறைவு என்பதை மெக்லாரன் காட்டியது. ரெட்புல்லை விட்டு 2019-இல் போன ரெனோவில்கூட முதல் ஆண்டு தடுமாறித்தான் 2020-இல் நிலைத்தார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கிலும் இத்தாலியின் இமோலாவிலும் மேடை ஏறி, ஐந்தாவது இடத்தில் அந்த சீசனை முடித்தார். வயதைக் காட்டுபவர்களும் உண்டு. 2021-இல் அவருக்கு ஆனது 32 வயதுதான். ஃபெர்னாண்டோ அலோன்சோ 2023-இல், 42 வயதை எட்டிய ஆண்டில், எட்டு முறை மேடை ஏறினார். ஆகவே வயது என்று சொல்லிக் கோப்பை மூட முடியாது. நான் சொல்ல வருவது, இது கை, கால், பிரேக், டயர் சம்பந்தப்பட்ட சிக்கல். அளந்து பார்க்கக்கூடியது. டெலிமெட்ரியில், அதாவது காரின் உணரிகள் பதியும் தரவில், நாரிஸின் கோட்டையும் ரிக்கார்டோவின் கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் கண்ணுக்குத் தெரிவது. அப்படியிருந்தும் வெளியில் நடந்த பேச்சில் பாதி, அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பதைப் பற்றி.

அந்தப் பேச்சுக்குப் பெரிய உரம் போட்டது மொன்சா. 2021 செப்டம்பர் 12. முன்வரிசையில் இரண்டாவதாகப் புறப்பட்டு, முதல் வளைவிலேயே ரெட்புல்லின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனைத் தாண்டி, முதலிடத்தில் முடித்தார், நாரிஸ் இரண்டாவது. 2012 பிரேசிலுக்குப் பிறகு மெக்லாரனுக்குக் கிடைத்த முதல் வெற்றி. மேடையில் ஷூவில் ஷாம்பெயின் ஊற்றிக் குடிக்கும் ஷூயி திரும்பி வந்தது. வானொலியில் தான் எங்கும் போய்விடவில்லை என்ற தொனியில் பேசினார். உடனே எல்லோரும் எழுதினார்கள்: டேனியல் திரும்பிவிட்டார், தன்னம்பிக்கை வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்று. எனக்கு மொன்சா வேறு எதையோ சொல்வதாகத்தான் தோன்றுகிறது. அந்தத் தடத்தில் நீண்ட நேர்பாதைகள், அவற்றின் முடிவில் பலமாக பிரேக் பிடித்துத் திரும்பும் சிக்கேன்கள். ரிக்கார்டோவைத் தொந்தரவு செய்த வகை வளைவுகள் அங்கே குறைவு. இறக்கையைக் குறைத்து ஓடும்போது மெக்லாரன் காருக்கும் மெர்சிடஸ் இன்ஜினுக்கும் அங்கே வேகம் இருந்தது. முன்னால் யாரும் இல்லாத காற்றில் ஓட்டுவது எந்த ஓட்டுநருக்கும் எளிது. மகிழ்ச்சிதான் வேகத்தைக் கொண்டுவருகிறது என்றால், மொன்சாவின் மகிழ்ச்சி அடுத்த பந்தயங்களிலும் உதவியிருக்க வேண்டும். ஆண்டு முடிவில் நாரிஸ் 160, ரிக்கார்டோ 115. மறு ஆண்டு 122-க்கு 37. 2022 ஜூலையில், ஒப்பந்தம் 2023 வரை இருக்கிறது, அதை மதித்து இங்கேயே இருப்பேன் என்று ரிக்கார்டோ பொதுவெளியில் எழுதினார். ஆகஸ்டில் அதே ஒப்பந்தம் ஓராண்டுக்கு முன்பாகவே முடித்துக்கொள்ளப்பட்டது. அவர் இடத்துக்கு இன்னொரு ஆஸ்திரேலியர், ஆஸ்கர் பியாஸ்ட்ரி.

இப்போது முகத்தின் வேலைக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸின் 'டிரைவ் டு சர்வைவ்' 2019 மார்ச்சில் வந்தது. முதல் பருவத்துக்கான படப்பிடிப்பில் மெர்சிடஸும் ஃபெராரியும் கலந்துகொள்ளவில்லை. சாம்பியன்ஷிப்புக்கு மோதிய இரண்டு அணிகளும் இல்லாத கதைக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டது. நகைச்சுவையும் கேமரா கூச்சமின்மையும் கொண்ட ரிக்கார்டோ கையில் கிடைத்தார். அதுவரை ஃபார்முலா ஒன் பக்கம் தலைவைத்துப் படுக்காத லட்சக்கணக்கான பேருக்கு, அவர் அதுவரை ஏழு பந்தயம் வென்ற ஓட்டுநர் என்பதைவிட எப்போதும் சிரிக்கும் மனிதர் என்பதே அறிமுகம். விளம்பரதாரர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இதில் தவறில்லை, ஃபார்முலா ஒன் விளம்பரப் பணத்தில் ஓடுகிறது. ஆனால் வேகம் போன பிறகும் அந்தச் சரக்குக்குச் சந்தை அப்படியே இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு 14-ஆவதாக வந்தவன் அடுத்த வியாழக்கிழமை கேமரா முன்னால் பழைய ஞாயிறுகளின் முகத்தோடு வந்து நிற்க வேண்டும். சிரித்தால், இவனுக்குப் பசி போய்விட்டது, விளையாட்டாக எடுத்துக்கொள்கிறான் என்பார்கள். சிரிக்காவிட்டால், ஐயோ, உடைந்துவிட்டான் என்பார்கள். முன்னாள் சாம்பியன் கிமி ரைக்கோனன் இருபது ஆண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டினார். மோசமான ஞாயிறுக்கும் நல்ல ஞாயிறுக்கும் ஒரே முகம் என்பதால் அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்தச் சலுகை ரிக்கார்டோவுக்குக் கிடைக்கவே இல்லை.

சிரிப்பு ஒரு முகமூடி, உள்ளே அழுதுகொண்டிருந்தார் என்று எழுதுவது எளிது. நான் அதைச் சொல்லவில்லை, சொல்ல ஆதாரமும் இல்லை. அந்தக் கலகலப்பு அவருடைய இயல்புதான் என்பதைச் சின்ன வயது வீடியோக்களைப் பார்த்தாலே தெரியும். கடினமானவற்றை அவர் மறைத்து வைத்தவரும் இல்லை. 2019 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஃபார்முலா டூ பந்தயத்தில் அந்துவான் யூபேர் இறந்தார். ரெனோவின் இளையோர் திட்டத்தைச் சேர்ந்தவர், ரிக்கார்டோ அன்று ஓட்டியதும் ரெனோவுக்காக. மறுநாள் காரில் ஏறுவதற்கு முன் இதெல்லாம் தேவைதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாக ரிக்கார்டோ வெளிப்படையாகப் பேசினார். மெக்லாரன் காலத்துத் தவிப்பைப் பற்றியும் பேசினார். சிக்கல் அவர் வாயில் இல்லை, கேட்டவர்கள் காதில் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது காரை நம்ப முடியவில்லை என்று அவர் சொன்னால், பாவம் மனது சரியில்லை என்று கேட்டார்கள்.

இந்தக் குழப்பத்தின் உச்சம் ரெட்புல்லுக்கு அவர் திரும்பி வந்த கதை. 2023-இல் அங்கே மூன்றாவது ஓட்டுநர். பழைய குடும்பம், பழைய தெம்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரெல்லி டயர் சோதனையில் அந்த ஆண்டின் ரெட்புல்லை ஓட்டி நல்ல நேரம் எடுத்தார். உடனே ரெட்புல்லின் இளைய அணியான ஆல்ஃபா டாவ்ரி நிக் டி வ்ரீஸை எடுத்துவிட்டு அவருக்கு இடம் கொடுத்தது. அந்த ரெட்புல் அந்த ஆண்டு ஒரே ஒரு பந்தயம் தவிர மற்ற எல்லாவற்றையும் வென்ற கார் என்பதை அந்த உற்சாகத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. நெதர்லாந்தின் ஸான்ட்வூர்ட்டில் பயிற்சியின்போது கை எலும்பு முறிந்தது. அவருக்குப் பதிலாக ஓட்டிய லியம் லாசன் ஐந்து பந்தயங்களில் தன் பெயரை நிலைநாட்டிவிட்டார். திரும்பி வந்த ரிக்கார்டோ மெக்சிகோவில் தகுதிச்சுற்றில் நான்காவது. மறுபடி, டேனியல் திரும்பிவிட்டார். 2024 மயாமியைப் பாருங்கள்: சனிக்கிழமை ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயத்தில் நான்காவது, சைன்ஸின் ஃபெராரியைக் கடைசிவரை பின்னால் நிறுத்தி. அதே நாள் சில மணி நேரம் கழித்து, முக்கியப் பந்தயத்துக்கான தகுதிச்சுற்றில் முதல் கட்டத்திலேயே வெளியே, 18-ஆவது இடம். காலைக்கும் மாலைக்கும் இடையில் ஒரு மனிதனின் குணமோ மனநிலையோ இவ்வளவு மாறாது. டயரின் சூடு, தடத்தின் வெப்பம், செட்டப்பில் ஒரு சின்ன மாற்றம் எல்லாம் மாறும். நல்ல நிலைக்கான சன்னல் அவருக்குக் குறுகிவிட்டது; அதற்குள் விழுந்த நாளில் சிரிப்பு வந்தது, விழாத நாளில் வரவழைக்க வேண்டியிருந்தது.

கனடாவில் அந்த ஆண்டு முன்னாள் சாம்பியன் ஜாக் வில்நெவ் தொலைக்காட்சியில் கடுமையாகப் பேசினார்: ரிக்கார்டோவை ஃபார்முலா ஒன்னில் வைத்திருப்பது முடிவுகளை விட அவருடைய பிம்பம்தான் என்று. ரசிகர்கள் கொதித்தார்கள், ரிக்கார்டோ மறுநாள் ஐந்தாவது இடத்தில் தகுதி பெற்றுப் பதில் சொன்னார், பந்தயத்தில் எட்டாவது. அது இனித்தது, மறுக்கவில்லை. ஆனாலும் வில்நெவ் சொன்னதில் பாதி சரி. பிம்பம் அவருக்கு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கூடுதலாக வாங்கிக் கொடுத்தது. மறுபாதியை வில்நெவ் சொல்லவில்லை: அப்படிக் கிடைத்த காலத்துக்கு வட்டி உண்டு. ஒவ்வொரு வாரமும் தான் இன்னும் அந்தப் பிம்பமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும், கூடவே காரையும் ஓட்ட வேண்டும். செர்ஜியோ பெரெஸை ஒப்பிட்டுப் பாருங்கள். அவரும் அதே ஆண்டுகளில் ரெட்புல்லில் சரிந்தார், 2024 முடிவில் இடம் இழந்தார். கலகலப்புக்குப் பேர்போனவர் இல்லை. சரிவதற்குச் சிரிப்பு தேவையில்லை என்பதற்கு அவரே போதும். ஆனால் பெரெஸைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் காரின் முன்பக்கம் அணித்தோழர் வெர்ஸ்டாப்பனுக்கு ஏற்றபடி போய்விட்டதா என்பதைச் சுற்றியே நடந்தது. ரிக்கார்டோவுக்கு அந்த மரியாதை பாதிதான் கிடைத்தது.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன ஐயா அழுத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. பரிதாபப்படச் சொல்லி நான் எழுதவில்லை. விவசாயியின் கவலையோடு இதை ஒப்பிடுவதும் என் நோக்கமில்லை. பெரிய சம்பளம் கொடுக்கிற அணிக்கு அந்தப் பணம் எங்கே வீணாகிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் 2024 செப்டம்பரில் கடைசிக் கட்டத்தில் பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டி, 18-ஆவதாக முடித்து, காரை விட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். சில நாளில் அவர் இடத்துக்கு லாசன் பெயர் அறிவிக்கப்பட்டது. 2025-இல் ஃபோர்டு நிறுவனத்தின் பந்தயப் பிரிவுக்கு உலகத் தூதரானார். முகம் கடைசியில் முறையான வேலையாகவே ஆகிவிட்டது, அதில் லேப் நேரம் யாரும் கேட்கப் போவதில்லை.

மெக்லாரன் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2025 தொடக்கத்தில் காரின் முன்பக்கம் என்ன செய்கிறது என்பது ஸ்டீயரிங் வழியாகத் தனக்குத் தெரியவில்லை என்று நாரிஸ் சொன்னார். அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வதற்குப் பேர்போனவர். மோசமாக ஓட்டினால் மோசம் என்று கேமராவைப் பார்த்தே சொல்வார், சிரித்துச் சமாளிப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கனடா பந்தயத்துக்குள் அணி முன்பக்க சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து கொடுத்தது. நாரிஸ் அதை எடுத்துக்கொண்டார், பியாஸ்ட்ரி பழையதிலேயே ஓட்டினார். ஆண்டு முடிவில் நாரிஸ் உலகச் சாம்பியன். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது: 2025-இல் நாரிஸ் பட்டத்துக்குப் போட்டியிட்டவர், 2021-இல் விதிகள் மெக்லாரனின் கையைக் கட்டியிருந்தன. ஆனால் 2022-க்கான கார் வெள்ளைத் தாளில் தொடங்கி வரையப்பட்டது. அந்தக் காரை வரைந்தபோது ரிக்கார்டோவின் டெலிமெட்ரி அவர்கள் மேசையில் இருந்தது.